மருந்து நோட்டு, எண் முப்பத்தொன்று

“மாசி 11, ஞாயிறு. பகல் பன்னிரண்டேகால். அம்மா போன். ஆஸ்பத்திரியில் கேப்சூல் கொடுத்திருக்கிறார்கள். எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டாள். நோட்டைப் பார்த்துச் சொன்னேன். மதியம் முட்டைக்கோஸ் பொரியல், உப்பு அதிகம்.”

என் நாட்குறிப்பில் உள்ள பதிவு இது. அப்போது தஞ்சாவூருக்கு வெளியே ஒரு நர்சிங் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து நாள் தவறாமல் எழுதி வருகிறேன். நேரம், கிழமை, பேசியவர், சாப்பிட்டது எல்லாம் இருக்கும். கையில் கிடைத்த எதையும் படித்துவிடுவதும், படித்த தேதியைக் குறித்து வைப்பதும் என் பழக்கம். அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பொரியலின் உப்பைக் குறித்திருக்கிறேன், கேப்சூலின் பெயரைக் குறிக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் ஊசிப்போன சோற்றை வாயில் வைத்ததுபோல இருக்கிறது.

மருந்து நோட்டு என்பது என்ன என்று நர்சிங் படிக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீளமான கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி, வரிக்கு ஆறு கட்டம்: பெயர், எதற்கு, எவ்வளவு, கொடுக்கும் வழி, பக்க விளைவு, நர்ஸ் செய்ய வேண்டியது. பாடப்புத்தகத்தைப் படித்து நாங்களாகவே எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் விடுதியில் யாரும் அப்படி எழுதியதில்லை. வருகைப் பதிவேட்டில் உங்கள் எண் முப்பத்தொன்று என்றால், உங்களுக்கு ஒரு வருடம் மூத்த முப்பத்தொன்றாம் எண்காரி உங்கள் அக்கா. அவள் தன் நோட்டை இரண்டு வாரத்துக்குத் தருவாள். நீங்கள் பதிலுக்கு அந்த இரண்டு வாரமும் அவளுடைய வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தருவீர்கள். அவளும் அப்படித்தான் தன் அக்காவிடமிருந்து எழுதினாள். என் அக்கா அதிராம்பட்டினத்துக்காரி. நோட்டைக் கையில் தரும்போது, “கோடு மட்டும் கோணாம போடுடி. மேடம் கோட்டத்தான் பாப்பாங்க. உள்ள திருக்குறள் எழுதி வெச்சாலும் கையெழுத்துப் போட்டுருவாங்க” என்றாள்.

உண்மைதான். மருந்துப் பாடம் எடுக்கும் எங்கள் மேடம், ஓரக்கோடு சிவப்பு மையில் இல்லாவிட்டால் பக்கத்தையே கிழித்துவிடுவார். நாற்பது நோட்டுகளை ஒரு பிற்பகலில் திருத்துவார். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. வால் நீண்ட, தேள் போன்ற கையெழுத்து.

மூச்சுக்குழல் மருந்துகளை அவர் வகுப்பில் நடத்தவே செய்தார். தேதிகூட என்னிடம் இருக்கிறது, கார்த்திகை 20. வெளியே மழை. மூன்றாவது பெஞ்சில் மடியில் நோட்டை வைத்து, நான் ஆன்டிபயாடிக் பக்கங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இளைப்பு எப்போது தொடங்கியது என்று என் நாட்குறிப்பில் இல்லை, அது நான் எழுதத் தொடங்கும் முன்பே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாரும் வயல் வேலைக்காரர்கள். அறுவடை மிஷின் வந்த பிறகு அம்மாவுக்கு வயலில் வேலை குறைந்தது, கொள்முதல் நிலையத்தில் கிடைத்தது. சம்பா அறுப்பு முடிந்து நெல் வந்து குவியும்போது, தூற்றும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று நெல்லைத் தள்ளிக் கொடுப்பாள், சிந்தியதைக் கூட்டி அள்ளுவாள். பதரும் தூசியும் நெல்லின் சுணையும் புகைபோல எழும். துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வாள். அந்தத் துண்டு மாலையில் மூக்குப் பக்கம் மட்டும் மண் நிறத்தில் நனைந்திருக்கும். இரவெல்லாம் அவள் நெஞ்சில் பூனை கத்தும். படுக்கைக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சியில் சாம்பல் போட்டு வைத்திருப்பாள், கோழை துப்ப. காலையில் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். கொட்டியதும் வாந்தி வரும். அம்மா பார்த்துவிட்டு, “நர்ஸாகப் போற மூஞ்சியப் பாரு” என்பாள்.

அந்த மாசியில் இளைப்பு மிகவும் முற்றி, ஒருநாள் வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். மறுநாள்தான் எனக்குப் போன் செய்தாள். அந்தப் பேச்சு முழுவதும் நினைவில் இருக்கிறது.

“பாப்பா, வெள்ள மூடி, ஊதா ஒடம்பு. ஆட்டுனா உள்ள மாவு மாதிரி ஆடுது. இத எப்புடி சாப்புடறது?”

“பேரு என்ன போட்டிருக்கு?”

“எனக்கென்ன இங்கிலீசா தெரியும்? இரு, பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட குடுக்குறேன்.”

அந்தப் பெண் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். புடசோனைடு. நான் நோட்டின் இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரி. கொடுக்கும் வழி என்ற கட்டத்தில் இரண்டு சின்னக் கோடுகள். மேலே உள்ளதேதான் இதற்கும் என்பதற்கு நாங்கள் போடும் டிட்டோ. முந்திய பக்கத்தைத் திருப்பினேன். கடைசி வரி தியோபிலின் மாத்திரை. “விழுங்கவும், உணவுக்குப் பின், நிறைய நீருடன்.”

“சாப்புட்ட பொறவு வெந்நீர் வெச்சு முழுங்கும்மா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. முழுங்கிட்டு வாய நல்லாக் கொப்பளிச்சிரு.”

“முழுங்குனதுக்கு எதுக்குடி கொப்பளிக்கணும்? அது என்ன பல்லுல ஒட்டுற மாவா?”

“நோட்டுல போட்டுருக்கும்மா.”

“நோட்டுல போட்டுருந்தா சரி.” பிறகு, வைக்கும் முன், “அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. இன்னும் என்னமோ குடுக்கணுமாம், வரலயாம். அறுப்பு நேரத்துல எவ போயி அங்க க்யூவுல நிப்பா?” என்றாள். என்ன கொடுக்க வேண்டுமாம் என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அம்மா பதினொரு மாதம் அந்தக் கேப்சூலை விழுங்கினாள். தீர்ந்தால் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவர் சீட்டைப் பார்ப்பார், எண்ணிப் போடுவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். காலையும் இரவும் விழுங்கிவிட்டு, வாசல் ஓரத்தில் நின்று மூன்று முறை வாய் கொப்பளிப்பாள். விடுமுறைக்குப் போனபோது நானே இதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அம்மா எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாள் என்று நாட்குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறேன். சித்திரை 3.

இளைப்பு குறையவில்லை. எப்படிக் குறையும்? கடைவீதி மருந்துக் கடையில் ‘செட்டு’ கேட்டு வாங்கத் தொடங்கினாள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். இளைப்புக்கு ஒரு செட்டு, காய்ச்சலுக்கு ஒரு செட்டு. அட்டையிலிருந்து வெட்டிய நாலைந்து மாத்திரைகளைப் பேப்பரில் மடித்துத் தருவார்கள், பெயர் தெரியாது. ஒன்று தூக்கம் தரும். ஒன்று நெஞ்சைப் படபடக்க வைத்துக் கையை நடுங்கச் செய்யும். ஒன்று, அரை மணி நேரத்தில் மூச்சைத் திறந்துவிட்டு, மாதக்கணக்கில் தின்றால் முகத்தை ஊத வைக்கும். ஐப்பசியில் நான் போனபோது அம்மாவின் முகம் உருண்டையாக இருந்தது. கொள்முதல் நிலையத்துப் பெண்கள், “பொண்ணு நர்ஸுக்குப் படிக்கவும் ஒனக்குத் தளதளன்னு மேனி வந்துருச்சே” என்று கேலி செய்தார்களாம். அம்மா அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். ஸ்டீராய்டு மாத்திரையின் பக்க விளைவு, முகம் வட்டமாதல், என் நோட்டில் நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தேன்.

மூன்றாம் ஆண்டில், தை மாதம், எங்களை நெஞ்சுநோய் வார்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாளிலேயே அங்கே கண்டதை நாட்குறிப்பில் நான்கு பக்கம் எழுதினேன். மூச்சுக்கு மருந்துப் புகை வைக்கும் மிஷின் மூன்று இருந்தது, முகத்தில் வைக்கும் மாஸ்க் ஐந்தே இருந்தது. ஒருவர் முகத்திலிருந்து எடுத்ததை அடுத்தவர் முகத்தில் வைத்தார்கள். நடுவில் கழுவ நேரமில்லை என்றார்கள். சேலைத் தலைப்பால் துடைத்தால் அது சுத்தம். மாஸ்கின் மூக்கு விளிம்பில் மஞ்சளாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. குழாயின் மடிப்பில் கறுப்பாக ஒரு வளையம். ஒரு பெண் இருமியதும் மாஸ்குக்குள் சிதறியதை, அவளுடைய மகள் விரலால் வழித்துக் கட்டில் காலில் தடவினாள். அடுத்த கட்டிலில் இருந்தவர் அதற்குள் கையை நீட்டிவிட்டார், “எனக்குக் குடும்மா, எனக்கு முட்டுது.” “இவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள்? மருந்து கொடுக்கும் கைக்கு அருவருப்பு வேண்டாமா?” என்று எழுதியிருக்கிறேன். தை 8. எழுத்து மணிமணியாக இருக்கிறது.

தை 9, காலை. வார்டு சிஸ்டர் ஒரு கேப்சூலை என் உள்ளங்கையில் வைத்து, “ஏழாம் கட்டில் பெரியவருக்குக் குடுத்துட்டு வா” என்றார். வெள்ளை மூடி, ஊதா உடம்பு. பெரியவர் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர், வாய்க்குக் குறைவில்லாதவர். நான் டம்ளரில் வெந்நீர் ஊற்றி எடுத்துப்போய் இரண்டையும் நீட்டினேன். அவர் கேப்சூலைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தண்ணி எதுக்கும்மா?”

“முழுங்க, தாத்தா.”

அவர் பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டார். “யோவ், இங்க பாருங்க. நர்ஸம்மா என்னைய முழுங்கச் சொல்லுது.” பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் குழலை எடுத்தார். கேப்சூலை அதன் வாயில் குத்தி, ஒரு திருகு திருகினார். உதட்டில் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்து, கன்னம் உப்ப மூச்சை அடக்கினார். விட்டதும் சொன்னார், “இது நெஞ்சுக்குப் போற மருந்தும்மா. எட்டு வருசமா இழுக்குறேன். முழுங்குனா வயித்துக்குல்ல போவும்? அப்பறம் வாயக் கொப்பளிக்கணும், இல்லன்னா நாக்குல வெள்ளை பூத்துரும். அந்தத் தண்ணியக் குடு, கொண்டாந்தது வீணாவ வேணாம்.”

அந்த வெந்நீரில்தான் அவர் வாய் கொப்பளித்தார். சிஸ்டர் அறைக்குள்ளிருந்தே, “எந்த ஸ்கூலு புள்ள நீ? மூணாவது வருசம்னா சொன்ன?” என்றார். கட்டில் கட்டிலாகச் சிரிப்பு போனது. எனக்குச் சிரிப்பு எதுவும் காதில் விழவில்லை. வாசல் ஓரத்தில் நின்று மூன்று முறை வாய் கொப்பளிக்கும் அம்மா தெரிந்தாள்.

அன்று எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். அம்மாவுக்குப் போன் செய்யத் தோன்றவில்லை. யார் தப்பு என்று கண்டுபிடிக்கத் தோன்றியது. மதியம் அதிராம்பட்டினத்து அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் படிப்பு முடித்து ஊருக்கே போயிருந்தாள்.

“உன் நோட்டுல இருபத்திரண்டாம் பக்கம் தப்பா இருக்குக்கா. அதைப் பார்த்து எழுதி எங்க அம்மா...” என்று கத்தினேன்.

“மெதுவாடி. என் நோட்டு அலமாரியிலதான் கெடக்கு. போட்டோ எடுத்து அனுப்புறேன். பாத்துட்டு அப்பறம் திட்டு.”

பத்து நிமிடத்தில் இரண்டு படம் வந்தது. அவள் நோட்டில், பக்கத்தின் அடியில், தியோபிலினுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஐந்தாவது வரி. சால்பூட்டமால் ஸ்ப்ரே. கொடுக்கும் வழி: “வாயால் உள்ளிழுக்கவும்.” அடுத்த பக்கத்தில் ஆறாவதாகப் புடசோனைடு கேப்சூல், டிட்டோ. அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். அடிவரியை விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள் நான். ஆறை ஐந்தாக்கி எண்ணையும் நேராக்கியிருந்தேன். ஐந்தாம் வரி போனதும், டிட்டோ போய் மாத்திரையோடு ஒட்டிக்கொண்டது. இளைப்புக்காரர் எல்லாருடைய பாக்கெட்டிலும் இருக்கும் ஸ்ப்ரே, என் நோட்டில் எங்குமே இல்லை. அந்தப் பக்கத்துக்குப் பத்துக்குப் பத்து. கீழே வால் நீண்ட தேள்.

தேதி பார்த்தேன். அந்தப் பக்கத்தை நான் எழுதியது கார்த்திகை 20. மூச்சுக்குழல் மருந்துகளை மேடம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த அதே மணி நேரம். ஆன்டிபயாடிக் முடிந்து அடுத்த பகுதிக்கு வந்திருக்கிறேன். எதிரே நின்று ஒருவர் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைக் குனிந்து தப்பாக எழுதியிருக்கிறேன். முந்தின நாள் மாஸ்கைப் பற்றி எழுதிய நான்கு பக்கத்தையும் கிழித்துப்போடலாம் என்றிருந்தது. கிழிக்கவில்லை. அது அங்கேயே இருந்து நாறட்டும்.

சனிக்கிழமை, ஆஸ்பத்திரியில் ‘வரலயாம்’ என்று அம்மா அன்று சொன்ன அந்த இழுக்கும் குழலை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பஸ்ஸில் முழுவதும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அம்மா கொள்முதல் நிலையத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலையெல்லாம் தூசி. ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

“மருந்து மாத்திட்டாங்கம்மா. இனிமே இதுல போட்டு இழுக்கணும்” என்றேன்.

அவள் கேப்சூலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “இது அதே மாத்திரதானே?”

“அதேதான். முறை மாறிடுச்சு.”

இதை எழுதும்போதும் என் முகத்தில் நானே துப்பலாம் போலிருக்கிறது. அம்மா குழலை வாயில் வைத்தாள். முதல் தடவை இழுப்பதற்குப் பதில் ஊதிவிட்டாள், மருந்து முழுவதும் என் கண்ணாடியில். இரண்டாம் தடவை சரியாக வந்தது. மூச்சை அடக்கி, விட்டு, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப இம்புட்டு நாளா நாம வயித்துக்கு வைத்தியம் பாத்துருக்கோம்?”

“நாம” என்றாள். அதற்குப் பிறகு மறைக்க எதுவும் இல்லை. நோட்டு, வரி, டிட்டோ எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குழலைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

செட்டு மாத்திரையை அன்றே தூக்கி எறியச் சொல்ல எனக்கு வாய் வந்தது, நல்லவேளை சொல்லவில்லை. மீதமிருந்த பொட்டலங்களோடு திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பெயர் இல்லாததால் எது எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது, முகத்தைப் பார்த்தால் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது, பல மாதம் தின்றதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்றார். அளவு எழுதி, வாரம் வாரமாகக் குறைத்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. “இவ்வளவு நாள் இழுக்குற மருந்து ஏன் எடுக்கல?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார், யூனிபார்மில் இருந்தேன். அம்மா முந்திக்கொண்டாள், “எனக்குத்தான் புத்தி இல்லைங்க.” நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

அம்மாவின் முகம் ஆவணியில் பழையபடி ஆனது. சர்க்கரை போகவில்லை. இளைப்பும் முழுதாகப் போகவில்லை. தூசியில் நிற்கிறவளுக்கு அது போகாது. ஆனால் அடுத்த அறுப்பில் கொட்டாங்கச்சி படுக்கைப் பக்கம் வரவில்லை. இதைத் தை மாதம் முழுவதும் நாள்வாரியாகக் குறித்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, அம்மா ஒரு கேள்வி கேட்டாள். அதுவரை எனக்குத் தோன்றாத கேள்வி.

“ஒன் நோட்ட வேற எவளாச்சும் பாத்து எழுதிருக்காளா?”

எழுதியிருந்தாள். எனக்கு அடுத்த வருடத்து முப்பத்தொன்றாம் எண், பூம்புகார்ப் பெண். என் கோட்டைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தந்தவள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே அவளுக்குப் போன் செய்தேன். பக்கத்தைப் பார்த்துவிட்டு, “ஆமாக்கா, நானும் அப்படியேதான் எழுதிருக்கேன். மேடம் கையெழுத்தும் போட்டாச்சு” என்றாள். திருத்தச் சொன்னேன். திருத்தினாள், படமும் அனுப்பினாள். அப்போது அவள் ஒன்றைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, வேறு பேச்சுக்கு நடுவில் சொன்னாள். அவள் நோட்டை யாரோ பக்கம் பக்கமாகப் போனில் ஸ்கேன் எடுத்து, ஒரே கோப்பாக்கி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்களாம். இப்போது கோட்டைத் துவைக்கத் தேவையில்லை. வேறு பள்ளிக்கூடத்துப் பெண்களும் அதைப் பார்த்து எழுதுகிறார்களாம். “கோடெல்லாம் அவ்ளோ நேரா இருக்குன்னு எல்லாரும் கேக்குறாங்கக்கா” என்றாள்.

ஸ்கேன் எடுத்தது திருத்துவதற்கு முன்பா பின்பா என்று கேட்டேன். “பின்னாடிதான்னு நெனைக்கிறேன்” என்றாள். தேதி அவளுக்கு நினைவில்லை, அவள் நாட்குறிப்பு எழுதுகிறவள் இல்லை. அந்தப் பழைய போன் உடைந்துவிட்டது, குழுவும் கலைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஏழு மாணவிகளிடம் கேட்டேன். மூன்று பேரிடம் ஏதோ ஒரு மருந்து நோட்டுக் கோப்பு இருந்தது, அவை மூன்றும் வேறு கையெழுத்து.

இன்று ஐப்பசி 27 வரை அந்தக் கோப்பை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதன் இருபத்தொன்றாம் பக்கத்தின் அடியில் அந்த ஸ்ப்ரே வரி இருக்கிறதா இல்லையா என்பது சரிபார்க்கப்படவில்லை.